டிரோன் சர்வே: படம் எடுத்தாச்சு, எந்த மென்பொருளில் ஓட்டுவது?

#1 குவியல்கணக்கு

வணக்கம். டோட்டல் ஸ்டேஷனும் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) ரோவருமாகவே (கம்பத்தில் வைக்கும் துல்லிய ஜிபிஎஸ்) இத்தனை நாள் வேலை பார்த்துவந்த சின்ன சர்வே குழு எங்களுடையது. போன மாதம் ஆர்டிகே (இடத்தைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் பதியும் ஜிபிஎஸ்) உள்ள டிரோன் ஒன்று வாங்கினோம். 20 மெகாபிக்சல் கேமரா, மெக்கானிக்கல் ஷட்டர். பறக்கவிடுவது பிடிபட்டுவிட்டது. இறங்கிய பிறகு மெமரி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் தடுமாற்றம்.

எங்களுக்கு வரும் வேலை இரண்டு வகை. ஒன்று, ஜல்லி, மணல் குவியல்களின் கன அளவு. இன்னொன்று, சாலை வடிவமைப்புக்குக் காண்டூர், அதாவது சம உயரக் கோடு. ஒரு வேலைக்கு 500, 600 படம் வரும். எப்போதாவது 2000. கணினியில் 64 ஜிபி ரேம், 12 ஜிபி என்விடியா கார்டு இருக்கிறது.

படங்களை இணைத்து வரைபடமும் உயர மாதிரியும் ஆக்கும் மென்பொருள்களில் மெட்டாஷேப், பிக்ஸ்4டி, டிஜேஐ டெர்ரா, வெப்ஓடிஎம் ஆகிய நான்கையும் பற்றி வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டேன். ஒவ்வொருவரும் தான் வைத்திருப்பதே சிறந்தது என்கிறார்கள். உண்மையில் வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள், எதை எடுக்கலாம்?

#2 புள்ளிமேகம்

நல்வரவு. நான் பார்த்த வரையில் சொல்கிறேன், தவறிருந்தால் மற்றவர்கள் திருத்தட்டும்.

மெட்டாஷேப்: பழைய பெயர் ஃபோட்டோஸ்கேன். ஒருமுறை வாங்கினால் உரிமம் உங்களுடையது. உள்ளே திருப்புவதற்கு நிறைய திருகுகள் உண்டு. தெரிந்தவர்களுக்கு அதுவே வசதி, தெரியாதவர்களுக்கு அதுவே வம்பு. ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்டாண்டர்ட், புரொஃபஷனல் என்று இரண்டு பதிப்பு. ஸ்டாண்டர்டில் கண்ட்ரோல் பாயின்ட் (தரையில் அளந்து, மாதிரியைப் பொருத்தக் கொடுக்கும் புள்ளி) கொடுக்க முடியாது, ஆள்கூறு உள்ள ஆர்த்தோ (நேர்மேலிருந்து பார்த்தது போல ஒட்டிய படம்) கிடையாது, உயர மாதிரியும் கிடையாது. சர்வேக்கு அது உதவாது. விலையைப் பார்த்து ஏமாந்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

பிக்ஸ்4டி: மேப்பர் பழையது, பெரிய படத்தொகுப்புகளுக்காகப் பிறகு மேட்டிக் வந்தது. மேப்பர் தரும் தர அறிக்கை இந்தத் துறையில் கிட்டத்தட்ட பொது மொழி மாதிரி ஆகிவிட்டது. சில வாடிக்கையாளர்கள் அதையே கேட்டு வாங்குவார்கள்.

டெர்ரா: டிஜேஐ நிறுவனத்தின் டிரோன் வைத்திருந்தால் தொல்லை குறைவு. நாலு பொத்தான், வேலை முடிந்தது. திருகுகள் குறைவு என்பதால் ஏதாவது கோணலானால் உள்ளே கைவிடவும் முடியாது. அவர்களுடைய எல்1, எல்2 லைடார் (லேசரால் தரையை அளக்கும் கருவி) வாங்கப்போகிறீர்கள் என்றால் மூலத் தரவை முதலில் இதில்தான் ஓட்டி எல்ஏஎஸ் என்ற புள்ளிக் கோப்பாக ஆக்க வேண்டும். என்விடியா கார்டு கட்டாயம், அது உங்களிடம் இருக்கிறது.

வெப்ஓடிஎம் பற்றிப் பைதான்பித்தன் வந்து சொல்லுவார். கூப்பிடாமலே வருவார்.

ரியாலிட்டிகேப்சரையும் சிலர் சொல்லுவார்கள். 2021-ல் எபிக் கேம்ஸ் அதை வாங்கியது, 2025-ல் ரியாலிட்டிஸ்கேன் என்று பெயரை மாற்றினார்கள். வேகத்தில் அசத்தும். கட்டட முகப்பு, சிலை, பாலம் என்று முப்பரிமாண மாதிரி செய்கிறவர்களுக்கு நல்ல கருவி. காண்டூர் வேலைக்கு நான் அதைத் தேடிப் போகமாட்டேன்.

#3 பைதான்பித்தன்

கூப்பிட்டாச்சு, வந்தாச்சு.

ஓபன்டிரோன்மேப் திறந்த மூலம். ஓடிஎம் என்பது கட்டளை வரியில் ஓடும் எந்திரம், வெப்ஓடிஎம் அதற்குப் போட்ட முகப்பு. டாக்கர் நிறுவத் தெரிந்தால் ஒரு காசு செலவில்லாமல் இன்றைக்கே ஆரம்பிக்கலாம். ஆர்த்தோ, மேற்பரப்பு மாதிரி, தரை மாதிரி, புள்ளிமேகம் (முப்பரிமாணப் புள்ளிகளின் தொகுப்பு), காண்டூர் எல்லாம் வரும்.

குறையையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்லுவார்கள். நினைவகத்தை விழுங்கும். அவர்களுடைய ஆவணத்திலேயே 250 படத்துக்கு 16 ஜிபி, 500-க்கு 32, 1500-க்கு 64, 2500-க்கு 128 என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் 600 படம் சுகமாக ஓடும். 2000 படம் என்றால் தொகுப்பைத் துண்டுபோட்டு ஓட்டிப் பிறகு ஒட்டும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று, கண்ட்ரோல் பாயின்ட் குறிப்பது மற்றவற்றைப் போல அவ்வளவு வழுக்கிக்கொண்டு போகாது. உரைக்கோப்பு ஒன்றைத் தயார் செய்ய வேண்டும். முதல் வரியில் ஆள்கூறு முறை, அடுத்தடுத்த வரிகளில் புள்ளியின் கிழக்கு, வடக்கு, உயரம், படத்தில் அது விழும் இடம், படத்தின் பெயர். ஐந்து புள்ளியாவது வேண்டும், ஒவ்வொன்றும் மூன்று படத்திலாவது இருக்க வேண்டும். ஆக, குறைந்தது பதினைந்து வரி.

#4 சங்கிலிக்காரர்

எல்லோரும் கடைப்பட்டியல் வாசிக்கிறீர்கள். கேள்வி கேட்டவரிடம் யாரும் திருப்பி ஒன்றும் கேட்கவில்லையே.

குவியல்கணக்கு, எனக்கு இரண்டு பதில் வேண்டும். வாடிக்கையாளர் கையில் கடைசியாக எந்தக் கோப்பைக் கொடுக்கப்போகிறீர்கள்? அதில் உயரம் எத்தனை சென்டிமீட்டர் தப்பினால் உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள்?

இது தெரியாமல் மென்பொருள் தேடுவது, எந்த போல்ட் என்று பார்க்காமல் ஸ்பேனர் வாங்குவது மாதிரி.

#5 ஆர்த்தோவாசி

நாலும் வேண்டாம், மேகச் சேவைக்குப் போங்கள். படத்தை ஏற்றினால் காலையில் வரைபடம் தயார். கணினியும் சூடாகாது, நீங்களும் சூடாக வேண்டாம்.

#6 மூன்றுகால்

ஆர்த்தோவாசி சொல்வது இணைய வேகம் இருக்கும் இடத்தில் சரி. 2000 படம், படத்துக்கு 8 எம்பி என்று வைத்தால் 16 ஜிபி. நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அதுவும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், எந்தச் சேவை என்று கேட்காதீர்கள். ஒரு வேலையில் முதல் மாத, இரண்டாம் மாதக் கன அளவு வித்தியாசம் கேட்டார்கள். முதல் மாதம் சேவையின் ஒரு பதிப்பில் ஓடியிருக்கிறது, இரண்டாம் மாதத்துக்குள் அவர்கள் பின்னணியில் எதையோ மேம்படுத்திவிட்டார்கள். யாரும் தொடாத கான்கிரீட் தளத்தில் இரண்டு மேற்பரப்பையும் கழித்துப் பார்த்தால் 4 செ.மீ. வித்தியாசம். எந்த அமைப்பில் ஓடியது என்று எனக்குத் தெரியாது, பழைய பதிப்பில் திரும்ப ஓட்டவும் வழியில்லை. வாடிக்கையாளரிடம் என்ன விளக்கம் சொல்வது? அன்றிலிருந்து மாதாமாதம் ஒப்பிட வேண்டிய வேலை எல்லாம் என் கணினியில், ஒரே பதிப்பில்தான். வேலை முடியும் வரை மேம்படுத்தும் பொத்தானைத் தொடுவதில்லை.

#7 குவியல்கணக்கு

சங்கிலிக்காரர் ஐயா, கேட்டதற்கு நன்றி. இதை நாங்களே உட்கார்ந்து பேசியதில்லை.

சாலை வேலைக்கு டிஎக்ஸ்எஃப் (வரைபடக் கோப்பு) காண்டூரும் தரைப் புள்ளிகளும் கொடுக்க வேண்டும், அவர்கள் சிவில் 3டி என்ற வடிவமைப்பு மென்பொருளில் திறப்பார்கள். அரை மீட்டர் காண்டூர். கெட்டித்தரையில் உயரம் 5 செ.மீ.க்குள் இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். குவியல் வேலைக்கு ஒரு பக்க அறிக்கை, கன மீட்டர் எண், படம். அவ்வளவுதான்.

#8 சங்கிலிக்காரர்

அப்படியானால் பாதி வேலை முடிந்தது. எந்த உயரத்தில் பறக்கிறீர்கள்?

#9 குவியல்கணக்கு

80 மீட்டர். முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் மேற்படிவு, அதாவது ஒரு படம் அடுத்ததோடு பகிரும் பரப்பு. 8.8 மி.மீ. லென்ஸ், பிக்சல் 2.4 மைக்ரான்.

#10 சங்கிலிக்காரர்

80 மீட்டரை 2.4 மைக்ரானால் பெருக்கி 8.8 மி.மீ.யால் வகுத்தால் தரையில் ஒரு பிக்சல் 2.2 செ.மீ. கிடைமட்டத்தில் ஒன்றிரண்டு பிக்சல், உயரத்தில் இரண்டு மூன்று பிக்சல் பிழை என்பது பொதுவாக எதிர்பார்க்கக்கூடியது. அதாவது உயரம் 4 முதல் 6 செ.மீ. உங்கள் 5 செ.மீ. விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. எந்த மென்பொருள் வாங்கினாலும் இது மாறாது. சாலை வேலைக்கு 60 மீட்டரில் பறங்கள், பிக்சல் 1.6 செ.மீ. ஆகும். பேட்டரி கூடுதலாகத் தீரும், தீரட்டும்.

இனி மென்பொருளுக்கு வருவோம். நான்குக்கும் சோதனைப் பதிப்போ இலவசப் பதிப்போ உண்டு. மெட்டாஷேப் புரொஃபஷனல் 30 நாள் முழுதாகத் தருவார்கள். ஒரே இடம், ஒரே படத்தொகுப்பு, எட்டுப் பத்து செக் பாயின்ட், அதாவது சரிபார்க்க மட்டும் அளந்த புள்ளி. கெட்டியான, சமமான, புல் இல்லாத இடத்தில் வையுங்கள். மென்பொருளிடம் அவற்றைக் கொடுக்கவே கூடாது. உயர மாதிரி வந்ததும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டு அந்தப் புள்ளிகளில் ராஸ்டர் (உயரக் கட்டம்) மதிப்பை எடுத்து, ரோவர் உயரத்தோடு கழியுங்கள். மென்பொருளின் அறிக்கையைத் திறக்கவே வேண்டாம். பரீட்சை எழுதியவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பதா?

#11 புள்ளிமேகம்

கடைசி வரிக்கு ஒரு சின்ன மறுப்பு. அறிக்கையை முழுக்கத் தள்ளிவிடத் தேவையில்லை. கேமரா கணிப்பு, படங்களின் பொருத்தம், எந்த மூலையில் மேற்படிவு குறைந்தது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். மறுபொழிவுப் பிழை 0.5 பிக்சல் என்று பார்த்ததும் "துல்லியம் அரை பிக்சல்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடக் கூடாது, அதுதான் விஷயம். படங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டும்தான் அந்த எண் காட்டும். பத்துப் பேர் கூடி ஒரே பொய்யைச் சொன்னாலும் ஒத்துப்போவார்கள்.

#12 குவியல்கணக்கு

ஒரு வாரம் கழித்து வருகிறேன். சோதனை முடிந்தது, குழப்பம் கூடியது.

டெர்ரா, மெட்டாஷேப் சோதனைப் பதிப்பு, வெப்ஓடிஎம் மூன்றிலும் ஓட்டினேன். பிக்ஸ்4டி இன்னும் பார்க்கவில்லை. கண்ட்ரோல் பாயின்ட் எதுவும் கொடுக்கவில்லை, டிரோனின் ஆர்டிகே மட்டும். எட்டு செக் பாயின்ட். மாதிரியின் உயரத்திலிருந்து ரோவர் உயரத்தைக் கழித்தால், சென்டிமீட்டரில்:

டெர்ரா: 17, 21, 19, 22, 18, 20, 23, 19.
வெப்ஓடிஎம்: 15 முதல் 26 வரை.
மெட்டாஷேப்: ஓரப் புள்ளிகளில் 12, 13. நடுவில் 28, 29.

எல்லாமே கூட்டல் குறிதான். 20 செ.மீ. பிழையா? மூன்றும் இப்படியென்றால் எதை வாங்குவது? பேசாமல் லைடாருக்குப் போய்விடலாமா?

#13 ஆர்த்தோவாசி

ஆர்டிகே என்றாலே விளம்பரம்தான் போல.

#14 சங்கிலிக்காரர்

லைடாரை விடுங்கள், முதலில் டெர்ராவின் எண்களை மறுபடி பாருங்கள். 17 முதல் 23. சராசரி 20, அதைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர்தான் சிதறல். எட்டுப் புள்ளியும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு. படக் கணக்கு தப்பினால் இப்படி அழகாகத் தப்பாது, ஒரு மூலை மேலே போகும், ஒரு மூலை கீழே போகும். இது யாரோ ஒருவர் ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டதால் வந்தது.

நீள்வட்ட உயரத்துக்கும் (ஜிபிஎஸ் தருவது) கடல்மட்ட உயரத்துக்கும் உள்ள குழப்பம் என்றால் வித்தியாசம் பெரும்பாலும் மீட்டர் கணக்கில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள ஜியாய்டு இடைவெளி உலகில் இடத்துக்கு இடம் கழித்தல் 106 மீட்டரிலிருந்து கூட்டல் 85 மீட்டர் வரை போகிறது. டிரோனுக்கு ஒரு ஜியாய்டு, ரோவருக்கு வேறொரு ஜியாய்டு என்று வைத்திருந்தால் டெசிமீட்டர் கணக்கில் வரலாம், அதையும் பாருங்கள். ஆனால் சரியாக 20 என்றால் எனக்கு முதலில் சந்தேகம் கம்பத்தின் மேல்தான். ரோவர் கம்பத்தை எவ்வளவு நீட்டினீர்கள்? கண்ட்ரோலரில் எவ்வளவு போட்டீர்கள்?

#15 குவியல்கணக்கு

ஐயா...

கம்பம் 1.80-ல் பூட்டியிருந்தது. கண்ட்ரோலரில் 2.00. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். முந்தின வேலையில் வேலிக்கு மேலே சிக்னல் கிடைக்க வேண்டும் என்று 2.00-க்கு நீட்டியதாம், பிறகு இறக்கியிருக்கிறான், எண்ணை மாற்றவில்லை. தரை உயரம் எல்லாம் 20 செ.மீ. கீழே பதிவாகியிருக்கிறது. மாதிரி சரி, ரோவர்தான் தப்பு.

ஒரு வாரமாக மூன்று மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

#16 மூன்றுகால்

திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் தப்பித்தது எப்படி என்று கவனித்தீர்களா? கண்ட்ரோல் பாயின்ட் கொடுக்காமல் ஓட்டியதால்தான் இது வெளியே வந்தது. அதே கம்பத்தில் கண்ட்ரோல் பாயின்டும் எடுத்து, அதே கம்பத்தில் செக் பாயின்டும் எடுத்திருந்தால் மாதிரி முழுக்க 20 செ.மீ. கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். செக் பாயின்டில் பிழை 2 செ.மீ. என்று காட்டியிருக்கும். அறிக்கை பளபளவென்று இருக்கும். குவியல் வேலையில் தெரியாமலே போயிருக்கும், ஏனென்றால் அடியும் மேலும் சேர்ந்து இறங்கினால் கன அளவு மாறாது. சாலை வேலையில் பழைய பெஞ்ச் மார்க்கோடு (உயரம் தெரிந்த குறி) இணைக்கும்போதுதான் வெடித்திருக்கும்.

நான் இப்போது எப்போதும் இரண்டு செக் பாயின்டையாவது டோட்டல் ஸ்டேஷனிலோ லெவலிலோ பெஞ்ச் மார்க்கிலிருந்து தனியாகக் கொண்டுவந்து வைக்கிறேன். அரை மணி நேரம் கூடுதல், போகட்டும்.

#17 பைதான்பித்தன்

சரி, 20-ஐக் கழித்துவிட்டால் டெர்ரா மூன்று செ.மீ.க்குள், வெப்ஓடிஎம் கழித்தல் 5 முதல் கூட்டல் 6. மெட்டாஷேப் மட்டும் ஓரத்தில் கழித்தல் 8, நடுவில் கூட்டல் 9. அதாவது நிலம் கவிழ்த்த தட்டு மாதிரி உப்பியிருக்கிறது. இதற்குக் கம்பம் காரணமில்லை.

#18 குவியல்கணக்கு

ஆமாம், அதைத்தான் கேட்க வந்தேன். அப்படியானால் மெட்டாஷேப்பை விட்டுவிடலாமா?

#19 புள்ளிமேகம்

விடாதீர்கள், இது நான் பட்டு அனுபவித்தது.

கேமரா நேர் கீழே பார்த்தபடி, ஒரே உயரத்தில், இணைகோடுகளாகப் பறந்தால் லென்ஸின் வளைவை மென்பொருளால் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. லென்ஸில் மிஞ்சிய வளைவை நிலத்தின் மேல் போட்டுவிடும். நிலம் குவிந்தோ குழிந்தோ தெரியும். இதைத் தடுக்க மூன்று வழி: சாய்ந்த படங்கள் கொஞ்சம் சேர்ப்பது, கண்ட்ரோல் பாயின்ட் வைப்பது, கேமரா நின்ற இடம் துல்லியமாகத் தெரிந்தால் அதை நம்பும்படி மென்பொருளிடம் சொல்வது.

மூன்றாவதில்தான் நீங்கள் வழுக்கியிருக்கிறீர்கள். ரெஃபரன்ஸ் பலகத்தின் அமைப்பைத் திறந்து பாருங்கள். கேமரா துல்லியம் 10 மீட்டர் என்று இருக்கும், அதுதான் இயல்புநிலை. ஆர்டிகே 2 செ.மீ. துல்லியத்தில் கொடுத்த இடத்தை, 10 மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்று நீங்களே சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அது என்ன செய்யும் பாவம், கண்டுகொள்ளவில்லை. படக் கோப்புக்குள் இருக்கும் எக்ஸ்எம்பி தகவலில் ஒவ்வொரு படத்துக்கும் துல்லிய மதிப்பை டிரோன் எழுதியிருக்கும். அதை ஏற்றும்படி முன்னமைப்பில் ஒரு டிக் உண்டு. டிக் செய்து படங்களைப் புதிதாகச் சேர்த்துத் திரும்ப ஓட்டுங்கள். டெர்ரா இதையெல்லாம் கேட்காமலே செய்துகொள்ளும், அதனால்தான் முதல் ஓட்டத்திலேயே அழகாக வந்தது.

ஆக, நீங்கள் ஒப்பிட்டது ஒன்றின் தேர்ந்த அமைப்பையும் இன்னொன்றின் தொடாத அமைப்பையும்.

#20 ஆர்த்தோவாசி

இதுதான் என் வாதமும்! எதையும் தொடாமல் சரியாக வருவதை வாங்குங்கள். சர்வேயர் எதற்கு எக்ஸ்எம்பி படிக்க வேண்டும்?

#21 புள்ளிமேகம்

நியாயம்தான், சரியாக வரும் வரை. ஒருமுறை படத்தொகுப்பில் பாதியில் ஆர்டிகே இணைப்பு அறுந்து, நூறு படம் சாதாரண ஜிபிஎஸ்-ல் பதிவாகியிருந்தது. அந்த நூறை மட்டும் பிரித்து அதற்குத் தனித் துல்லியம் கொடுத்தால்தான் வேலை காப்பாற்றப்படும். அன்றைக்குத் திருகு வேண்டும்.

#22 குவியல்கணக்கு

டிக் செய்து ஓட்டினேன். கழித்தல் 3 முதல் கூட்டல் 2. வாயடைத்துப்போய்விட்டேன்.

அடுத்த சந்தேகம். அதே இடத்தில் ஒரு ஜல்லிக் குவியல். டெர்ராவில் 1,312 கன மீட்டர், மெட்டாஷேப்பில் 1,236. உயரம் இரண்டிலும் ஒத்துப்போகிறதே, 76 கன மீட்டர் எங்கே போனது?

#23 மூன்றுகால்

அடித்தளத்தில் போனது. குவியலின் அடிப்பரப்பு எவ்வளவு?

#24 குவியல்கணக்கு

கிட்டத்தட்ட 800 சதுர மீட்டர்.

#25 மூன்றுகால்

800 சதுர மீட்டரில் அடித்தளம் 10 செ.மீ. மாறினால் 80 கன மீட்டர். கணக்கு முடிந்தது. ஒன்றில் எல்லைக்கோட்டின் மிகத் தாழ்ந்த புள்ளியில் கிடைத்தளம் போட்டிருப்பீர்கள், இன்னொன்றில் எல்லைப் புள்ளிகளை இணைத்துச் சாய்வுத்தளமோ முக்கோண வலையோ போட்டிருப்பீர்கள். சரிவான தளத்தில் இரண்டும் ஒன்றாக வராது.

குவியல் வேலையில் ஆள் செய்யும் தவறு பெரும்பாலும் இங்கேதான். எல்லைக்கோட்டை அடிவாரத்துக்கு வெளியே கெட்டித்தரையில் வரைய வேண்டும். சிந்திக்கிடக்கும் ஜல்லியின் மேல் வரைந்தால் தளம் உயர்ந்துவிடும், கன அளவு குறையும். சுவரை ஒட்டிக் கொட்டியிருந்தால் சுவர் உச்சியில் கோடு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் நல்லது, களம் காலியாக இருக்கும்போது ஒருமுறை பறந்து அந்த வெறும் தரையைப் பத்திரமாக வைத்துக்கொள்வது. அப்புறம் ஒவ்வொரு மாதமும் அதிலிருந்து கழிப்பதுதான் வேலை. எந்த மென்பொருளில் ஓட்டினாலும் கழிப்பதை நான் கிளவுட்கம்பேர் என்ற மென்பொருளில் செய்கிறேன், இலவசம், கண்ணால் பார்த்து நம்பலாம். அறிக்கையில் "அடித்தளம் இப்படி எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதுங்கள். பின்னால் வரும் பாதிச் சண்டை அந்த வரியில் நின்றுவிடும்.

#26 வரப்போரம்

புதிதாக உள்ளே வருகிறேன். காண்டூரில் புல், புதர் பிரச்சினையை யாரும் சொல்லவில்லையே?

#27 பைதான்பித்தன்

சொல்லலாம். பெரும்பாலான மென்பொருளில் தரைப் புள்ளியைப் பிரிக்கும் வசதி உண்டு, ஆனால் இயல்புநிலையை நம்பி விட்டுவிடக் கூடாது. ஓடிஎம்-ல் வடிகட்டியின் சாளரம் 18 மீட்டர். அதைவிட அகலமான கிடங்குக் கூரை இருந்தால் கூரையையே தரை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. மெட்டாஷேப்பில் கட்ட அளவு 50 மீட்டர், கோணம் 15 டிகிரி. தட்டையான நிலத்துக்கு அது நன்றாகப் போகும், செங்குத்துச் சரிவில் உண்மையான தரையையே வெட்டி எறிந்துவிடும். கோணத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் வரப்போரம், அடர்ந்த புல்லுக்கு எந்த வடிகட்டியும் மருந்தில்லை. படத்தில் தரையே விழவில்லை என்றால் மென்பொருள் அதை எங்கிருந்து கொண்டுவரும்? முழங்கால் உயரப் புல் என்றால் முழங்கால் உயரத்தில்தான் காண்டூர் ஓடும். அங்கே லைடார், இல்லாவிட்டால் ரோவரை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். நான் நடக்கிறேன்.

#28 சங்கிலிக்காரர்

நடப்பதுதான் சரி. சாலை வேலை என்றதால் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மென்பொருள் யூடிஎம் என்ற ஆள்கூறு முறையில் வெளியீடு கொடுக்கும். மைய நிரைகோட்டில் (தீர்க்கரேகை) அளவுக்காரணி 0.9996. தரையில் ஒரு கிலோமீட்டர் அளந்தால் வரைபடத்தில் 40 செ.மீ. குறையும். குவியலுக்கு இது பொருட்டில்லை. ஐந்து கிலோமீட்டர் சாலையை டோட்டல் ஸ்டேஷன் வேலையோடு இணைத்தால் இரண்டு மீட்டர். தள ஆள்கூற்றுக்கு மாற்றும் வசதி மென்பொருளில் இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்கே மாற்றப்போகிறீர்கள் என்று வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். விற்பவர் காட்டும் செயல்விளக்கத்தில் இது வரவே வராது.

#29 புள்ளிமேகம்

சந்தா பற்றியும் ஒரு வார்த்தை. சந்தா முடிந்த பிறகு பழைய திட்டக் கோப்பைத் திறக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு வேலையில் இரண்டு ஆண்டு கழித்துத் தகராறு வந்தது, திறக்க வேண்டிய நேரத்தில் உரிமம் இல்லை. இப்போது வேலை முடிந்ததும் மூலப் படங்கள், ரோவர் கோப்பு, எல்ஏஎஸ், ஜியோடிஃப், அறிக்கை, எந்தப் பதிப்பில் எந்த அமைப்பில் ஓட்டினேன் என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வைத்துவிடுகிறேன். திட்டக் கோப்பு மட்டும் இருந்தால் அது பூட்டிய பெட்டி மாதிரி.

#30 குவியல்கணக்கு

எல்லோருக்கும் நன்றி. நாங்கள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இது.

குவியல் வேலைக்கு டெர்ரா. தம்பியே ஓட்டிக்கொள்வான், எங்கள் டிரோனுக்கு முதல் ஓட்டத்திலேயே சரியாக வருகிறது. கழிக்கும் வேலை மட்டும் கிளவுட்கம்பேரில். சாலை வேலைக்கு மெட்டாஷேப் புரொஃபஷனல், ஒரே உரிமம், அதை நான் மட்டும் தொடுவேன். வெப்ஓடிஎம் கணினியிலேயே இருக்கட்டும். எண் சந்தேகமாக இருந்தால் இரவில் அதில் ஒருமுறை ஓட்டிக் காலையில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். பிக்ஸ்4டி-யைச் சோதிக்கவே நேரம் வரவில்லை, அதன் மேல் குறையொன்றும் இல்லை.

கம்பத்தில் 1.80 என்று சிவப்பு நாடா ஒட்டியாச்சு.

ஒரே கேள்வி பாக்கி. செக் பாயின்ட் எத்தனை வைத்தால் போதும்? எட்டு போதாது என்று ஒருவர் சொன்னார்.

#31 சங்கிலிக்காரர்

முறையான துல்லியச் சான்று கேட்டால் ஏஎஸ்பிஆர்எஸ் (அமெரிக்க ஒளிப்பட அளவைச் சங்கம்) தரத்தின் 2023 பதிப்பு குறைந்தது 30 என்கிறது, முன்பு 20 ஆக இருந்தது. அதோடு செக் பாயின்டை அளந்த கருவியின் பிழையையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. யாரும் சான்று கேட்காத குவியல் வேலைக்கு எட்டுப் பத்து போதும், நாலு மூலையிலும் நடுவிலும் பரவியிருந்தால். எல்லாவற்றையும் வண்டி நிறுத்திய இடத்தைச் சுற்றியே வைத்துவிடாதீர்கள், வெயிலில் எல்லோரும் செய்வது அதுதான்.

#32 குவியல்கணக்கு

எட்டில் ஐந்து வண்டியைச் சுற்றித்தான் இருக்கிறது. நாளைக்குப் போய் மாற்றி வைக்கிறேன்.